இராவுணவுப் படத்தில் ஒரு முகம்

மலேசியாவில் பெரும்பணம் சேர்த்த தொபியாஸ் மச்சாடோ, தாத்தா பிறந்த கடற்கரைக்கு வந்து பழைய மாதா கோயில்களை ஒவ்வொன்றாகப் புதுப்பித்துக் கொடுத்தார். எந்தக் கோயிலானாலும் வாசலில் அவருடைய பலகை தொங்கும்: "சிதைந்ததை மட்டும் சரிசெய்க. நன்றாக இருப்பதில் கை வைக்காதே."

மூன்றாவது கோயிலின் சுவரில் இயேசுவின் கடைசி இராவுணவுப் படம் இருந்தது. அதற்கு வண்ணம் தீட்ட தினக்கூலிக்கு வந்தவள் செலஸ்தீனா. அவளிடம் மச்சாடோ, "சீடர்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தருக்கு என் முகத்தை வை. முடியாதுன்னா இப்பவே கிளம்பு" என்றார்.

"வச்சிரலாம் முதலாளி. ஆனா உங்க பலகைப்படி நல்லா இருக்கிற முகத்தைத் தொடக் கூடாதே. சிதைஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்."

"அது போதும். யாரோட முகம்?"

"வருஷா வருஷம் பெரிய வியாழன் பூசைக்கு ஊரே வரிசையில நின்னு நகத்தால சுரண்டின முகம். காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். பணப்பை மட்டும் கையில அப்படியே இருக்கு முதலாளி. உங்களுக்காகப் புதுசா வரைய வேண்டாம்."

சாரத்தில் நின்ற கொத்தனார்கள் அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பங்குச்சாமியாருக்கு இருமல் வந்தது.

அந்த முகம் இன்றும் சுரண்டப்பட்டபடியேதான் இருக்கிறது. நாலாவது கோயிலுக்கும் மச்சாடோ செலஸ்தீனாவைத்தான் அழைத்துப்போனார். ஆனால் வாசலிலேயே நின்று முதலில் கேட்டார்: "உள்ளே இராவுணவுப் படம் ஏதும் இல்லையே?"