மினுங்காத கறுப்பு

முகம் தெரியாத ஒரு கறுப்பு வேண்டும் என்பதற்காகவே அங்கப்பன் தன் நாற்பத்தெட்டாவது வயதில் பெயிண்ட் வேலை கற்றுக்கொள்ள வந்தார்.

நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் இருந்தது எஸ்தரின் பட்டறை. லாரிக்குப் பெயர்போன ஊரில் அவள் பைக்குகளுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தாள். அவரைவிடப் பதினேழு வயது இளையவள். அவர் அவளை மாஸ்டர் என்றார். அவள் அவரை அண்ணா என்றாள். முதல் நாள் அவர் கையில் உப்புத்தாளைக் கொடுத்து ஒரு பைக் டேங்கைத் தேய்க்கச் சொன்னாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

ஆறாம் மாதம் அவராகவே சொன்னார்.

"என் வண்டி டேங்க்ல மூஞ்சி தெரியுதுங்க மாஸ்டர்."

"பளபளன்னு இருந்தாத் தெரியத்தான் செய்யும்ங்ணா."

"எனக்குப் பின்னால இன்னொரு மூஞ்சியும் தெரியுது."

எஸ்தர் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தாள்.

"யாரு?"

"சென்னியப்பன். எம் பொண்டாட்டியோட தம்பி. ஐப்பசியில, வாய்க்கால் பாலத்துல, அதே வண்டி சறுக்கிருச்சு. ஓட்டுனது நான். பின்னால உக்காந்திருந்தது அவன். எனக்கு முழங்கையில சிராய்ப்பு. அவனுக்கு அங்கயே முடிஞ்சு போச்சு."

அவள் உள்ளே போய் மூன்று பழைய மட்கார்டுகளைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தாள். மூன்றும் கறுப்பு. முதலாவதில் வேப்பமரமும் அவர் முகமும் அப்படியே தெரிந்தன. அங்கப்பன் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார். இரண்டாவதில் எல்லாம் புகைபோல அசைந்தது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. அதன்மேல் விழுந்த உச்சி வெயில் திரும்பி வரவில்லை. மூடாமல் விட்ட கிணறு மாதிரி இருந்தது.

"இதுதானுங்க மாஸ்டர். இதுதான் வேணும்."

"மேட் பெயிண்ட், மினுங்காது. அடிக்கறது சுலபம்ங்ணா, வெச்சுக்கறதுதான் கஷ்டம். மெழுகு கூடாது, பாலிஷ் கூடாது. பெட்ரோல் சொட்டுனா உடனே தண்ணி ஊத்தோணும். சோப்புத் தண்ணியில கழுவி, நெழல்ல தானாக் காய விடோணும். தேய்க்கக் கூடாது. எதுக்காகவும் தேய்க்கக் கூடாது."

"தேய்ச்சா?"

"தேய்ச்ச எடம் முழிச்சுக்கும். மினுங்க ஆரம்பிச்சுரும். அப்புறம் அதைத் தூங்க வைக்க என்னாலயும் முடியாது."

அவர் தன் வண்டி டேங்கைத் தேய்த்துத் தயார் செய்தார். அவளே அடித்துக் கொடுத்தாள்.

நாற்பது நாள் ஒன்றும் இல்லை. அங்கப்பன் வயிறாரச் சாப்பிட்டார். பட்டறையில் ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தார். ஆனாலும் பின் சீட்டில் யாரையும் ஏற்றவில்லை. அவர் மனைவி பஸ்ஸிலேயே போய் வந்தாள்.

பிறகு ஒரு திங்கள்கிழமை சென்னியப்பனின் மகள் சௌமியா போன் செய்தாள்.

"மாமா, நாளன்னிக்குக் காலேஜ்ல சேரோணும். அப்பா இருந்தா அப்பா கொண்டுபோய் விட்டிருக்கும். நீங்க வாறீங்களா?"

"வாறேன் கண்ணு" என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் பின் சீட்டு ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் காலையில் அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தார்.

"பெயிண்ட் சரியில்லீங்க மாஸ்டர். அவன் வந்துட்டான்."

டேங்கின் இடப்பக்கம், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓர் இடம், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் இருட்டு.

"தேய்ச்சீங்களா?"

"இல்லீங்க."

"அண்ணா."

"தேய்க்கலீங்க. காத்தால ஒருக்கா பனியன் துணியில தொடைப்பேன். அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"அவன் இல்லைன்னு பாத்துக்கறதுக்கு."

"தினமுமா?"

"தினமுந்தானுங்க."

"ஒரே எடத்துலயா?"

தலையாட்டினார்.

எஸ்தர் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸர் தானாக நின்றது. அவள் நிமிர்ந்து, யாருக்கோ வழி விடுவதுபோல் அரையடி நகர்ந்து நின்றாள்.

"பழைய பெயிண்ட்ல அவரா வந்தாரு. இதுல நீங்க வரவெச்சிருக்கீங்க."

"இன்னொருக்கா அடிச்சிருங்க மாஸ்டர். முழு டேங்க்கும் அடிச்சிருங்க. நாளைக்கு அந்தப் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போகோணும். அப்பன் உக்காந்திருக்கற சீட்டுல புள்ளைய எப்படிங்க உக்கார வைக்கறது?"

"அடிக்கலாம். நாளன்னிக்கு மறுபடியும் தொடைப்பீங்க."

அவர் அங்கிருந்த பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு அவரை எங்க கூட்டிக்கிட்டுப் போனீங்க?" என்று எஸ்தர் கேட்டாள்.

"அவனூட்டுக்குத்தானுங்க. எங்கூட்டுல சோறு தின்னுட்டு, கொண்டுவந்து விடுங்க மச்சான்னான். பஸ்ஸுல போடான்னேன். உங்க ஓட்டை வண்டியில வர்றதுக்குப் பஸ்ஸே தேவலைதான்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே ஏறுனான்."

"பாலத்துல இருந்து அவரூடு எத்தனை தூரம்?"

"நாலு கிலோமீட்டர் இருக்கும்ங்க."

"அப்புறம் அந்தப் பாலத்துமேல போனீங்களா?"

"எளவுக்கே வேற பக்கமாச் சுத்தித்தானுங்க போனேன்."

எஸ்தர் வண்டியைத் திருப்பிச் சாலையைப் பார்க்க நிறுத்தினாள். பின் சீட்டின் இரண்டு பக்கமும் மடங்கியிருந்த கால்வைக்கும் கட்டைகளைக் குனிந்து கையாலேயே கீழே இறக்கினாள். முதலில் இடது. பிறகு வலது. எட்டு மாதமாக இறங்காதவை, கிரீச்சென்றன.

"அவரை அவரூட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. பெயிண்ட்டை அப்புறம் பாக்கலாம்."

அங்கப்பன் ஏறி உட்கார்ந்தார். வண்டி ஒருமுறை அமுங்கியது. சாவியைத் திருப்புவதற்குள் இன்னொரு முறை அமுங்கியது. அவர் திரும்பவில்லை. எஸ்தரின் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலத்துல மெதுவாப் போங்ணா," என்றாள். "ரெண்டு பேர் பாரம்."