பின் கண்ணாடியில் ஒரு பெயர்

மாதேசனுக்கு ஐம்பது வயதாகியும் அவசரம் மட்டும் போகவில்லை. ஆற்றங்கரை மடத்துச் சாமியாரிடம் சீடனாகச் சேர்ந்து என்ன கண்டான்? அன்றும் பூஜை முடியும்வரை பொறுக்காமல் உள்ளே வந்து நின்றான்.

"சாமி, பழைய எஸ்யூவி ஒண்ணு வாங்கப்போறேன். எதைப் பாத்து வாங்கணும்?"

மடத்துக்கு வருமுன் லாரி ஓட்டியவர் சாமியார். "உனக்கு எதுக்கு அவ்ளோ பெரிய வண்டி?"

"மக கோகிலாவுக்கு ஐப்பசியில பிரசவம். அவ அக்கரையில இருக்கா, ஆஸ்பத்திரி இக்கரையில. மழை வந்தா தரைப்பாலத்து மேல தண்ணி போகும். பெரிய வண்டின்னா தாண்டிடும்."

"மகளை இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடேன்."

"சம்பந்தி வாசல்ல நான் போய் நிக்கிறதா? வளைகாப்புல என்னை வாங்கன்னுகூடக் கூப்பிடல சாமி!"

சாமியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வா, வண்டியைப் பாப்போம்."

டவுனில் குணாளன் என்பவர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. புது பெயிண்ட், புது சீட் கவர். மாதேசன் பானெட்டைத் திறந்தான், ஆயிலைத் தொட்டுப் பார்த்தான், டயரைத் தட்டினான், குனிந்து அடியில் துரு தேடினான். ஸ்டார்ட் பண்ணிப் புகையும் பார்த்தாயிற்று.

"தங்கமான வண்டி சாமி!"

சாமியார் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த நுனியில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

மாதேசனுக்குச் சுர்ரென்று ஏறியது. "வெள்ளத்துல முங்குன வண்டியா? பெயிண்டை அடிச்சு என் தலையில கட்டப் பாத்தீங்களா? நல்லா இருப்பீங்களாய்யா?"

குணாளன் அடி வாங்கத் தயாராக நிற்பவர் போல நின்றார்.

சாமியார் இறங்கிப் பின்னால் போனார். கண்ணாடியில் வாயை வைத்து ஊதினார். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த இடத்தில் எழுத்துகள் தெரிந்தன. மகிழினி.

"உங்க பொண்ணா?" என்றார் மெதுவாக.

குணாளன் கண்ணாடிக்கு அருகே வந்தார். "ஆமாங்க. போன மழையில. பாலத்து மேல தண்ணி போய்க்கிட்டிருந்துச்சு. பெரிய வண்டிதானே, தாண்டிடும்னு..."

கண்ணாடியில் எழுத்து மெல்ல மறைந்தது. மாதேசன் குணாளன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். திட்டிய வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இருவரும் திரும்பி நடந்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தரைப்பாலம் வந்ததும் மாதேசன் நின்றான்.

"நான் எதைத்தான் சாமி பாக்கணும்?"

"ஆத்தைப் பாரு," என்றார் சாமியார். "இன்னும் தண்ணி வரல. அக்கரைக்கு நடந்தே போகலாம்."