எழுந்து நின்ற இரண்டு பேர்

கதை முடிவில் ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் கடைசிப் பத்தியில் இருக்கிறது. நேராக அங்கே ஓடாமல் வரிசையாக வாசித்தால் நல்லது. அதற்குமேல் உங்கள் இஷ்டம்.

திசையன்விளைப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபை. அங்கிருந்து ப்ளஸ் டூ முடித்த இரண்டு பெண்கள் வாலிபர் முகாமுக்குப் போனார்கள். ஒருத்தி ஜெனிட்டா, பேங்க் மேனேஜர் மகள். இன்னொருத்தி எப்சிபா, மினி பஸ் டிரைவர் மகள். எப்சிபாவுக்கு அரசு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் தேவன் தன்னை எதற்கு அழைக்கிறார் என்பது தெரியாமல் சேர மாட்டேன் என்று இருந்தாள். நாலு மாதமாக ஜெபித்தும் பதில் இல்லை.

முகாமின் கடைசிக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கியார் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்வார். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. வேறு வேலைக்குப் போகாமல் முழுநேரமும் தேவனுடைய ஊழியத்துக்கென்று தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் மட்டும் எழுந்து நிற்க வேண்டும். பின்னால் கீபோர்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். யாராவது எழும்புகிற வரைக்கும் அதை நிறுத்த மாட்டார்கள்.

அன்றைக்கு அரைமணி நேரம் ஓடியும் யாரும் எழும்பவில்லை. எப்சிபா மனசுக்குள் ஜெபித்தாள்: "ஆண்டவரே, எங்க சபையில இருந்து இன்னொருத்தர் எழும்பினா, அதை உங்க சத்தம்னு எடுத்துக்கிடுதேன்." பிறகு லேசாகக் கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் ஜெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். எப்சிபாவும் எழுந்து நின்றாள்.

ஜெனிட்டா நின்றதற்குக் காரணம், கால் மரத்துப்போயிருந்தது. சிமெண்ட் தரையில் மூணு மணி நேரம் சம்மணம் போட்டால் யாருக்கும் மரக்கும். எல்லாரும்தான் கண்ணை மூடியிருக்கிறார்களே, ஒரு நிமிஷம் உதறிவிட்டு உட்காரலாம் என்று நினைத்தாள். அதற்குள் பிரசங்கியார், "ஸ்தோத்திரம், ரெண்டு மகள்கள் எழும்பியிருக்காங்க" என்றார். எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். இருநூறு பேர் முன்னால் கால் மரத்துப்போச்சு என்று யார் சொல்வார்?

அடுத்த ஞாயிறு இரண்டு பேரையும் சபைக்கு முன்னால் நிறுத்தி ஜெபித்தார்கள். எப்சிபாவின் அம்மா கிருபாவதி எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள். ஆளாளுக்குக் கைகொடுத்தார்கள். ஜெனிட்டாவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. அவள் அப்பா, "முதல்ல ஒரு டிகிரி வாங்கட்டும், ஊழியம் எங்க ஓடிப்போகுது" என்றார். பாஸ்டர் ஞானசிகாமணியும் தலையாட்டிவிட்டார். மினி பஸ் டிரைவருக்கு அப்படிப் பேச வரவில்லை. எப்சிபா நர்சிங் இடத்தை விட்டுவிட்டு ஒடிசாவில் ஒரு மலைக்கிராமத்து மிஷன் ஹாஸ்டலுக்கு ஊழியம் செய்யப் போனாள்.

ஒரு வருஷம் கழித்து லீவில் வந்தாள். இரண்டு தடவை மலேரியா வந்து பாதி முடி கொட்டியிருந்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் தனக்கு ஒடியாவில் கெட்ட வார்த்தை கற்றுக்கொடுத்ததைச் சொல்லிச் சிரித்தாள். கிருபாவதி சிரிக்கவில்லை. மகளைக் கேட்காமலே மறுபடியும் நர்சிங்குக்கு விண்ணப்பித்திருந்தாள். இடமும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். எப்சிபா ஒடிசாவுக்குத் திரும்ப வேண்டிய ரயில் வியாழக்கிழமை.

செவ்வாய்க்கிழமை எப்சிபா ஜெனிட்டா வீட்டுக்கு வந்தாள்.

"காலேஜ்ல டான்ஸெல்லாம் ஆடுதியாம். போட்டோ பார்த்தேன், ஊழியக்காரி."

"சும்மா கெட."

"தப்பாச் சொல்லலட்டி. ஊழியத்துக்கு நீ எப்ப வேணா வா. காய்ச்சல்ல கெடக்கும்போதெல்லாம் ஒண்ணைத்தான் நெனப்பேன். நான் அடையாளம் கேட்டேன், கண்ணைத் திறந்தா நீ நிக்க. அது மட்டும் இல்லன்னா முதல் காய்ச்சல்லயே வீட்டுக்கு ஓடி வந்திருப்பேன்."

ஜெனிட்டாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது.

புதன்கிழமை காலையில் பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். கிருபாவதியும் ஜெபத்துக்கு வந்து அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

பாஸ்டர் சொன்னார்: "அவகிட்ட சொல்லாத மகளே. வேதத்துல கர்த்தர் ஒரு கழுதை வாயால பேசினவரு. உன் கால் மரத்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தப் பிள்ளை விசுவாசத்தை உடைச்சிராத."

"அப்ப அந்தக் கழுதையைப் பிடிச்சு ஒடிசாவுக்கு அனுப்புங்க பாஸ்டர்" என்றாள் கிருபாவதி. ஜெனிட்டா பக்கம் திரும்பினாள். "எம்பிள்ள மூணாவது காய்ச்சலைத் தாங்க மாட்டா. நீ போய்ச் சொல்லு தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அன்று சாயங்காலமே ஜெனிட்டா போய்ச் சொன்னாள். எப்சிபா அழவில்லை.

"அப்ப என்னைய யாரும் கூப்பிடலயா?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை ரயிலில் அவள் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை கல்லூரிக்கும் போகவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறாள், சபைக்கு வருவதில்லை. இன்னும் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம் என்று கிருபாவதி ஜெனிட்டாவைத்தான் குறை சொல்கிறாள்.

பாஸ்டர் மறைக்கச் சொன்னார். அம்மா சொல்லச் சொன்னாள். ஜெனிட்டா சொல்லிவிட்டாள். இந்த மூணு பேரில் யார் செய்தது சரி?

பதில்: ஜெனிட்டா செய்ததுதான் சரி. தேவன் நிஜமாகவே எப்சிபாவை அழைத்திருந்தால், ஒரு கால் மரத்த கதை அதை ஒன்றும் செய்துவிடாது. மறைத்தால்தான் அது நிற்கும் என்று பாஸ்டர் பயந்தார் என்றால், அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. கிருபாவதிக்கு வேண்டியது மகள், உண்மை இல்லை. ஜெனிட்டா நிஜமாகவே ஊழியத்துக்காக எழும்பியிருந்தால், இதே கிருபாவதி அவளைக் கால் மரத்ததுதான் என்று பொய் சொல்லச் சொல்லியிருப்பாள். அம்மா என்பதால் அதை மன்னிக்கலாம், சரி என்று சொல்ல முடியாது. ஆக, ஜெனிட்டா செய்தது சரி. ஆனால் கேசரி கொடுத்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தால் அது ஒரு சிரிப்பாகப் போயிருக்கும். ஒரு வருஷம் கழித்துச் சொன்னது எப்சிபாவிடம் இருந்த ஒன்றே ஒன்றையும் பிடுங்கிக்கொண்டது. ஜெனிட்டா இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கப் போனாள். எப்சிபா கதவைத் திறக்கவில்லை. நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.