கொள்ளிடத்து ஓடம்

கொள்ளிடம் குறுகி ஓடும் ஓரிடத்தில், வடகரையில், உண்ணாமுலை என்ற ஞானி குடிசை போட்டிருந்தாள். அவளுக்கு ஒரே சீடர். அவரும் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

பெயர் மாசிலாமணி. துபாஷி வேலை, அதாவது மொழி பெயர்த்துச் சொல்வது. மராட்டியர், நவாபு, பிரெஞ்சுக்காரர், கடைசியில் கும்பினி என்று மாறி மாறி வந்தவர்கள் எல்லாருக்கும் வாயாக இருந்தவர். அவரவர் குரலிலேயே பேசுவார்; கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் துரையேதான்.

தென்கரையில் அவர் ஊர். அங்கே தங்கை பொன்னாச்சி இருந்தாள். பார்த்து நாற்பது வருஷம்.

"அம்மா, நேற்று ஓடத்தைக் கூப்பிட்டேன். கண்ணெதிரே நின்ற ஓடம் காணாமல் போச்சு. அது என்ன மாயம்?"

"எப்படிக் கூப்பிட்டீங்க? கூப்பிட்டுக் காட்டுங்க."

மாசிலாமணி வயிற்றை முன்னே தள்ளினார். மூக்கால் பேசினார்.

"ஏய் ஓடக்காரன். கும்பினி உத்தரவு. தாமதம் செய்தால் பன்னிரண்டு கசையடி."

அக்கரையில் ஓடக்காரன் பெரிய கல் ஒன்றைத் தூக்கி ஓடத்தில் போட்டான்.

மாசிலாமணி நவாபைப் போல இல்லாத தாடியைத் தடவினார். "ஹுஜூர் காத்திருக்கிறார். உன் ஓடம் செய்த பாக்கியம்."

இன்னொரு கல். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியைப் பிழியாமலே வாரிக்கொண்டு போனார்கள்.

அடுத்து பிரெஞ்சுக்காரராகக் குழைந்தார். "பிரிய தோழனே, நாங்கள் நண்பர்கள். மற்றவர்கள்தான் மோசம்."

மூன்றாவது கல். ஆட்டுக்காரி ஆடுகளை ஓட்டிக்கொண்டு மறைந்தாள்.

கடைசியாக மராட்டியர் குரல். "மகாராஜாவுக்கு நீங்களெல்லாம் பிள்ளைகள். பிள்ளை ஓடம் கொண்டுவரக் கூடாதா?"

நாலாவது கல்லோடு ஓடம் தண்ணீருக்குள் போனது. ஓடக்காரன் நாணலுக்குள் போனான். அக்கரையில் ஒரு காக்கை மட்டும் நின்றது.

உண்ணாமுலை விழுந்து விழுந்து சிரித்தாள். "அச்சு அசல். அந்தப் பிரெஞ்சுக்காரர் ரொம்ப ஜோர்."

"சிரிக்காதீங்க அம்மா. ஒரு ஆள் இல்லை, பாருங்க."

"எந்தப் படை வந்தாலும் முதல்ல ஓடத்தைத்தான் பிடிக்கும். அதான் அதிகாரக் குரல் கேட்டா கல்லைப் போட்டு முழுக்கிடுவாங்க. அவன் பாட்டன் காலத்துப் பழக்கம்."

"சாதாரணமாக் கூப்பிட்டா யார் மதிப்பாங்கன்னு நினைச்சேன்."

"சின்ன வயசில எப்படிக் கூப்பிடுவீங்க?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். துரையின் இருமல் வந்தது. மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். நவாபின் பெருமூச்சு வந்தது.

தண்ணீர் காலில் படும் வரை இறங்கிப் போனார்.

"மாமா..."

குரல் கீச்சென்று உடைந்தது. யாருடைய குரலோ என்று அவரே திரும்பிப் பார்த்தார்.

"ஓடக்கார மாமா. நான் மாசிலாமணி. பொன்னாச்சி அண்ணன். அக்கரைக்கு வரணும்."

நாணல் அசைந்தது. ஓடக்காரன் வெளியே வந்தான். அவருக்கு மகன் வயதுதான் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையை நெற்றியில் வைத்து இந்தப் பக்கம் பார்த்தான். பிறகு குனிந்தான். ஆளையே காணோம்.

"போயிட்டான் அம்மா."

"போகல."

"பிறகு ஏன் வரல?"

"நாலு கல்லையும் எடுக்கணும். அப்புறம் தண்ணியை இறைக்கணும். உட்காருங்க ஐயா."