மயிலைக் காளை பேச்சை விட்டது

அந்தக் காலத்தில் மாட்டுக்கும் பேச வாய் இருந்தது. பசித்தால் பசிக்கிறது என்று சொல்லும், கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லும். கேட்கத்தான் மனுஷனுக்குக் காது இல்லை.

பண்ணைக்காரர் நஞ்சப்பருக்குப் புதுச் சம்பந்திகள் வாய்த்திருந்தார்கள். ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடும் பெரும்பள்ளத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று, வில்வண்டி கட்டி விடியவே கிளம்பினார். பூட்டிய காளைகள் மயிலையும் செவலையும். கன்றுகளாக இருந்த நாளிலிருந்து ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தவை.

பாதை மேட்டு விளிம்பிலேயே போனது. ஆறு கீழே கூடவே வந்தது. வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி, ஆகா ஓகோ என்று பார்த்தார்கள். மாட்டை மட்டும் அவிழ்க்கவில்லை. உச்சி வெயிலில் செவலைக்கு வாயில் நுரை தள்ளியது. அதைப் பார்த்த மயிலை, கொஞ்ச நேரம் அவிழ்த்துவிட்டால் இறங்கிக் குடித்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று பணிவாகக் கேட்டது. அடுத்த வளைவில் பார்க்கலாம் என்றார் நஞ்சப்பர். அடுத்த வளைவிலும் கேட்டது. அவர் அதன் காதோரம் குனிந்து சீறினார்.

"சம்பந்தி முன்னால என் மானத்தை வாங்காதே. மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட வக்கில்லாதவன்னு நினைப்பாங்க."

மானமாம், பெரிய மானம்! புளிச்சோறு தின்றுவிட்டு, குடத்துத் தண்ணீரில் கை கழுவி, மீதியைப் பள்ளத்தில் கொட்டினார்கள். அது விழுகிற அழகைப் பார்த்துச் சம்பந்தியம்மாள் கை தட்டினாள். விளிம்பில் சிந்தியிருந்த ஈரத்தை நக்கக் கழுத்தை நீட்டிய செவலை, அப்படியே நுகத்தோடு சரிந்தது.

மயிலை முகர்ந்து பார்த்தது. மூச்சு இல்லை. அதற்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நஞ்சப்பரோ, இன்னும் அருவி பாக்கி இருக்கிறது, ஒற்றை மாடாகவே இழு என்று தார்க்குச்சியால் குத்தினார்.

"இத்தனை நேரம் வாய்விட்டுக் கேட்டேன்," என்றது மயிலை. "இனிமேல் உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை. அருவியை நீயே நடந்து போய்ப் பார்."

சொல்லிவிட்டுச் செவலையின் பக்கத்திலேயே படுத்துவிட்டது. அவர் அடித்தார், வாலை முறுக்கினார், பல்லால் கடித்தும் பார்த்தார். அது அசையவில்லை. சம்பந்திகள் பட்டுப்புடவையும் பலகாரக் கூடையுமாக ஊர்வரை நடந்தார்கள். நஞ்சப்பர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் போனார்.

அன்று முதல்தான் மாடு மனுஷனோடு பேசுவதில்லை. முடியாவிட்டால் நடுவழியில் படுத்துவிடுகிறது. நாமும் வெட்கமே இல்லாமல் அதற்குச் சண்டி மாடு என்று பேர் வைத்திருக்கிறோம்.