வரையாடு ஏன் தையில் குட்டி போடுகிறது

விலங்குகளுக்குப் பேச்சு இருந்த காலத்தில், மலைமேல் வரையாட்டு மந்தை தேய்ந்துகொண்டே போனது. செந்நாய் மட்டும் காரணம் இல்லை. ஆடுகளின் முட்டாள்தனமும்தான்.

ஒரு மாதத்தில் இரண்டு பேறு ஆகாது, ஒருத்தி கண் இன்னொருத்தி குட்டிமேல் பட்டுவிடும் என்று ஒரு வழக்கம். யார் சொன்னது? கேட்டால் முறைப்பார்கள். ஆளுக்கொரு மாதம், புதருக்குள் ஒளிந்து தனியாகப் போடுவார்கள். செந்நாய் மோப்பம் பிடித்து வரும், தின்னும். அடுத்த மாதம் அடுத்தவளிடம் வரும். ஆண்டு முழுக்கச் சாப்பாடு. மலையை விட்டு அது ஏன் போகும்?

கருமூக்கி என்ற பெட்டை போட்ட குட்டியெல்லாம் இப்படித்தான் போனது. ஒரு குட்டியாவது நாய்க்கு எட்டாத பாறையில் ஏறிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அந்த ஆண்டு தை அவளுடைய மாதம். அதே தையில் அவள் மதினி சுழிச்சியும் நிறைவயிற்றோடு வந்து நின்றாள்.

"என் மாசத்துல நீ எதுக்கு மதினி வந்த?"

"வயித்தைக் கேளு. நானா நாள் பாத்தேன்?"

"என் குட்டிக்கு ஏதாச்சும் ஆச்சு, உன்னை மலையில இருந்து உருட்டிருவேன்."

"உருட்டு. பெத்துட்டு வரேன்."

இருவரும் ஒரே காலையில் ஈன்றார்கள். செந்நாய் ஜோடி ஒன்று வந்தது. சுழிச்சியின் குட்டியைத் தூக்கித் தின்றது. வயிறு முட்டியதும் சோலை நிழலில் படுத்துத் தூங்கிவிட்டது. மறுபடி பசித்து எழுந்தபோது கருமூக்கியின் குட்டி செங்குத்துப் பாறையில் நின்றது. நாய்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயின.

கருமூக்கிக்கு மூச்சு வந்தது. மதினியின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"என் குட்டி கண்ணு பட்டுச் சாகல" என்றாள் சுழிச்சி. "நாய்க்கு வயிறு நிறைஞ்சுது, உன்னோடது தப்பிச்சுது. எல்லாரும் ஒண்ணாப் போட்டா எத்தனையைத்தான் தின்னும்?"

ஆகாது என்று மந்தை முணுமுணுத்தது. அவள் காது கொடுக்கவில்லை. கடாக்கள் மந்தைக்கு இறங்கும் ஒற்றைப் பாதையில் போய் நின்றுகொண்டாள். வந்த கடாவையெல்லாம் முட்டித் தள்ளினாள்.

"ஆடி மழை விழட்டும், வாங்க. ஆறு மாசம் சுமந்தா எல்லாருக்கும் தையிலதான் பேறு."

"அதுவரைக்கும் நாங்க என்ன பண்றது அக்கா?"

"புல்லு தின்னுங்க."

கருமூக்கியும் போய்ப் பக்கத்தில் நின்றாள். ஆடியில்தான் வழி விட்டார்கள்.

அடுத்த தையில் சரிவு முழுக்கக் குட்டிகள். நாய்கள் வந்தன. ஒன்றிரண்டுக்குமேல் தின்ன முடியவில்லை. மிச்சமெல்லாம் பாறை ஏறிவிட்டன, சுழிச்சியின் குட்டியும் சேர்த்து. மற்ற மாதங்களில் தின்னக் குட்டி கிடைக்காமல் நாய்கள் வேறு மலை தேடிப் போயின. கருமூக்கி நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்கினாள்.

அன்றிலிருந்துதான், தை பிறந்தால் வரையாடுகள் கூட்டமாகக் குட்டி போடுகின்றன. போட வைத்தவள், பாதையை மறித்து நின்ற சுழிச்சி.