புரொட்டஸ்ட் டீச்சர்

"எந்த வகுப்பு நியாயமான வகுப்பு, மாஸ்டர்? அதை மட்டும் சொல்லுங்க."

பெர்னதெத் பலகையை மணலில் போட்ட வேகத்தில் நண்டுகள் வளைக்குள் ஓடின.

நசீர் மாஸ்டர் ஈரக் கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது இருபத்தாறு, அவளுக்கு முப்பத்து நான்கு. பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு டீச்சர். விசிலின் ஒரே ஊதலில் மைதானத்தையே நிறுத்துகிறவள், தனக்குப் பாய்ப்பலகை ஓட்டக் கற்றுக்கொடுத்த இந்த ஒல்லிப் பையனை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள். அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

"எதுக்கு நியாயம்? பேர் குடுக்கவா, சண்டை போடவா?"

"ரெண்டுக்கும்."

சாயங்காலத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். பந்தயத்தில் மூன்று பிரிவுகள்; வகுப்புகள் என்பார்கள். ஒரு வகுப்பில்தான் கொடுக்கலாம். நாளைப் பந்தயத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் முதலாவதாக வருகிறவருக்குத்தான் தேசிய அணியில் இடம். முப்பத்தைந்து வயது ஆகிவிட்டால் அப்புறம் இடமே கிடையாது. அவளுக்கு நாளையை விட்டால் வேறு நாள் இல்லை.

பலகையின் மேலே பாய். அடியில், தண்ணீருக்குள், விமானத்துக்கு இருப்பதுபோல ஓர் இறக்கை. அதைத்தான் ஃபாயில் என்கிறார்கள். காற்று சரியாகப் பிடித்துவிட்டால் பலகை தண்ணீரை விட்டு எழும்பும். எழும்பியபின் அலையின் சத்தமே கேட்காது.

அந்த அமைதிக்காகத்தான் அவள் வருஷக்கணக்காக, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தாள்.

கரைக்கு வந்தாலோ அமைதி கிடையாது. எந்தப் பந்தயத்தில் தோற்றாலும் தண்ணீரிலேயே "புரொட்டஸ்ட்!" என்று ஆட்சேபம் கத்திவிடுவாள்; கரையேறியதும் நடுவரிடம் போய் நிற்பாள். அதனால் அவளுக்குப் பெயரே புரொட்டஸ்ட் டீச்சர்.

"ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் கத்தோலிக்கு. மத்த நேரமெல்லாம் புரொட்டஸ்டன்ட்டு" என்பார் மாஸ்டர்.

இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"தீபாவளி வகுப்புல ஓட்டிப் பாக்கலாமே" என்றார் மாஸ்டர்.

வகுப்புகளுக்குப் பந்தயம் நடத்தும் சங்கம் வைத்த பெயர்கள் வேறு. இங்கே ஓட்டுகிறவர்கள் வைத்த பெயர்கள் இவை. அவரவர் வசதிக்கு எது வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு வரலாம் என்றால் அது தீபாவளி. எல்லோருக்கும் சங்கமே தருகிற ஒரே பலகை, ஒரே பாய், ஒரே ஃபாயில் என்றால் சீருடை. காற்றின் போக்கிலேயே ஒரு குட்டிப் பாய்ச்சல், முதல் மிதவையை முண்டியடித்துச் சுற்றினவருக்கே ஜெயம் என்றால் பஸ் ஸ்டாண்டு.

"தீபாவளியா? இப்போ ஒத்திகையில பாத்தீங்கல்ல? அந்தச் சென்னைப் பொண்ணு புது கார்பன் ஃபாயிலோட வந்திருக்கா. காத்துக்கு ஒரு பாய் மாத்துறா. நான் ஒரே பாயை ஒட்டுப்போட்டு ஓட்டுறேன். என்னை முந்தினது அவளா, அவங்க அப்பாவா?"

"அவங்க அப்பா கரையில டீ குடிச்சிட்டுல்ல இருந்தாரு."

"கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர்."

"அப்ப சீருடை."

"எல்லாருக்கும் ஒரே பாய், சரி. ஒரே உடம்பா? கோவா ஜோவிட்டா எழுபது கிலோ, நான் நாப்பத்தெட்டு. கச்சான், அந்த மேல்காத்து, வேகமா அடிச்சா அவ அசையாம நிக்கிறா. என்னைத் தூக்கி வீசுது. போன வருஷம் நான் விழுந்து எந்திரிக்கிறதுக்குள்ள அவ கரைக்குப் போய்த் தலை துவட்டிட்டா. ஒரே மாதிரின்னு பேர் வச்சுட்டா ஒரே மாதிரி ஆயிருமா?"

"பஸ் ஸ்டாண்டு?"

"அது முழங்கையால இடிக்கத் தெரிஞ்சவளுக்கு."

"நீங்க இடிக்க மாட்டீங்களா?"

"நான் டீச்சர்."

மாஸ்டர் முடிச்சை அவிழ்த்து முடித்தார். எழுந்து கொட்டகைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கார்பன் ஃபாயில் இருந்தது. விற்பனைக்கு வந்திருந்த புதுசு. சென்னைப் பெண்ணுடையதைப் போலவே கறுப்பாக, கத்தி போல.

அதை அவள் பலகையில் மாட்டினார். அவளுடைய பழைய ஃபாயிலை இன்னொரு பலகையில் தனக்கு மாட்டிக்கொண்டார்.

"வாங்கக்கா. ஒரு சுத்து."

அந்த ஒரு சுற்றில் அவள் மாஸ்டரை முந்தினாள்.

இதுவரை ஒருநாளும் முந்தியதில்லை. இரண்டாவது மிதவையில் திரும்பும்போதே அவர் வெகுதூரம் பின்தங்கிவிட்டார். பழைய ஃபாயில் அவரை ஏற்றுவதும் தண்ணீரில் போடுவதுமாக இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கரையேறினாள்.

கடைசியில் அவர் வந்து சேர்ந்தார். மூக்கில் தண்ணீர் ஏறி இருமினார்.

"பாத்தீங்களா மாஸ்டர்? ஃபாயில்தான்! நான் சொன்னேன்ல!"

"ஆமாக்கா. ஃபாயில்தான்."

"ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒத்துக்கிட்டேன். அநியாயம்தான்."

அவளுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

"அக்கா, புரொட்டஸ்ட்டை எப்பக் கத்தணும்?"

"இதென்ன கேள்வி? தப்பைக் கண்ட உடனே, அங்கேயே, தண்ணியிலயே கத்தணும். கரைக்கு வந்து கத்தினா செல்லாது."

"அநியாயத்தை இப்ப நீங்க எங்க கண்டீங்க?"

"ரெண்டாவது மிதவையில. திரும்பிப் பாத்தேன், நீங்க தத்தளிச்சிட்டு..."

அவள் பார்வை கறுப்பு ஃபாயில்மேல் போய் நின்றது.

மாஸ்டர் காதைச் சாய்த்துத் தண்ணீரைத் தட்டி வெளியேற்றினார்.

"எனக்குத்தான் காதுல தண்ணி போலிருக்கு. நீங்க கத்தினது கேக்கல."

அவள் கார்பன் ஃபாயிலைக் கழற்றித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். பழையதை எடுத்துக்கொண்டாள். போகிற வழியில் சீருடை வகுப்பில் பெயர் கொடுத்தாள். மாஸ்டரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கோபமாகத்தான் போனாள். ஆனால் யார்மேல் கோபம் என்று நடந்த வழியெல்லாம் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

மறுநாள் கச்சான் அடிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அடிக்கவில்லை.

கடல் எண்ணெய் தடவியதுபோலக் கிடந்தது. சங்கு ஊதியதும் எல்லாப் பலகைகளும் தண்ணீரிலேயே ஊர்ந்தன. பிறகு ஒரு மெல்லிய காற்று வந்தது. மற்ற யாரையும் தூக்கப் போதாத காற்று. நாற்பத்தெட்டு கிலோவைத் தூக்க மட்டும் போதும்.

பெர்னதெத் எழும்பினாள்.

முதல் மிதவை. இரண்டாவது மிதவை. அலையின் சத்தம் நின்றுவிட்டது. அவளுக்கு முன்னால் கரையும் வானமும்தான்.

திரும்பிப் பார்த்தாள்.

வெகுதூரத்தில் ஜோவிட்டா தண்ணீரிலேயே நின்றாள். இரண்டு கைகளாலும் பாயை விசிறிக்கொண்டிருந்தாள். அதே பாய், அதே பலகை, அதே ஃபாயில். எழும்பப் பார்ப்பாள், முடியாது, மறுபடியும் விசிறுவாள். அவளுக்கும் இந்த ஒரு நாள்தானோ என்னவோ.

பெர்னதெத்துக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பழைய கோபம் கிளம்பியது. முன்னால் போகிறவளுக்கு அது வரக் கூடாத நேரத்தில் வந்தது.

"புரொட்டஸ்ட்!"

நடுவர் படகில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஒருவர் சிரித்தே விட்டார். கையைக் குவித்துக் கூவினார்:

"டீச்சர்! முதல்ல போறதே நீங்கதான்! யார் மேல புரொட்டஸ்ட்டு?"

அவள் பாயைத் தளர்த்தவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை.

"வகுப்பு மேல!"